கடைசிப் பக்கத்தில் யாரும் சாகாத கதைகள்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம். செமஸ்டர் தேர்வும் முடிந்துவிட்டது, இனிமேல் சொல்லச் சாக்கு இல்லை. ஆணைக் காதலிக்கும் ஆண்கள், பெண்ணைக் காதலிக்கும் பெண்கள், இவர்கள் வருகிற நல்ல கதைப் புத்தகங்கள் எவை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பதுதான் இன்றைய சமாச்சாரம். காதல் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, விஞ்ஞானக் கதை, தொடர்கதை எல்லாம் உண்டு. உங்களுக்கு எது பிடிக்குமோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

என்னை எழுத உட்கார வைத்தவள் ஒரு ஜூனியர் பெண். விடுதி மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். கொடியில் இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டே, "அக்கா, இந்த மாதிரிக் கதையில, கடைசியில யாரும் சாகாத புக்கா ஒண்ணு சொல்லுங்கக்கா" என்றாள். (யாரென்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அதுவரை அவள் பார்த்தது ஒரு படம், படித்தது ஒரு நாவல். படம் 'ப்ரோக்பேக் மவுண்டன்'. நாவல் ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவானிஸ் ரூம்'. ஒன்றில் ஒருவன் அநியாயமாகச் சாகிறான், இன்னொன்றில் ஒருவனுக்குக் கில்லட்டின் காத்திருக்கிறது. இரண்டும் அற்புதமானவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பதினெட்டு வயதில் இந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு, நமக்கும் இதுதான் போலிருக்கிறது என்று ஒருத்தி முடிவுக்கு வந்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நானும் அந்த வயதில் அதே கேள்வியோடு அலைந்தவள்தான். எனக்கு மாடியில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். (என் வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கு இப்போது தெரிந்திருக்கும். வணக்கம்!)

முதலில் வார்த்தைப் பிரச்சினை. நம்ம ஊர் பத்திரிகைகள் பல வருஷமாக ஓரினச்சேர்க்கையாளர் என்றே எழுதிவந்தன. ஒரு மனுஷனின் மொத்த வாழ்க்கையையும் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற சொல் அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-ல் வந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு 2022-ல் மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. நான் இங்கே தன்பாலீர்ப்பு என்று எழுதுகிறேன். கே, லெஸ்பியன் என்றும் எழுதுவேன், எல்லோருக்கும் புரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கதைகளில் ஏன் எல்லோரும் சாகிறார்கள்?

எழுத்தாளர்களுக்குச் சோகம் பிடிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நீதிமன்றமும் தபால் துறையும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1928-ல் ராட்க்ளிஃப் ஹால் எழுதிய 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' லண்டனில் வந்தது. ஸ்டீஃபன் என்று ஆண் பெயர் வைக்கப்பட்ட ஒரு பெண், இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். ஆபாசம் என்று தேடிப் பார்த்தால் ஒரு முத்தத்துக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. கதாநாயகி கடைசியில் தன் காதலியைத் தானே ஒரு ஆணிடம் அனுப்பிவைத்துவிட்டுக் கடவுளிடம் மன்றாடுகிறாள். இவ்வளவு அடங்கி ஒடுங்கி அழுத புத்தகத்தையும் ஆபாசம் என்று தீர்ப்புச் சொல்லிப் பிரதிகளை அழிக்க உத்தரவிட்டார்கள். சாட்சி சொல்லத் தயாராக வந்த எழுத்தாளர்களில் வர்ஜினியா உல்ஃபும் இ. எம். ஃபாஸ்டரும் உண்டு. இலக்கியத் தரம் பற்றிச் சாட்சி தேவையில்லை என்று நீதிபதி கேட்க மறுத்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம், அதே லண்டனில், உல்ஃப் தன் தோழி வீட்டா சாக்வில்-வெஸ்ட்டை மனதில் வைத்து எழுதிய 'ஆர்லாண்டோ' எந்த வழக்கும் இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. அதில் நாயகன் பாதி வழியில் தூங்கி எழுந்து நாயகியாகிவிடுகிறான். கற்பனைக் கதை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அமெரிக்காவில் கதை இன்னும் நேரடி. 1952-ல் கோல்ட் மெடல் என்ற மலிவுப் பதிப்பு நிறுவனத்துக்காக மேரிஜேன் மீக்கர், வின் பாக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' எழுதினார். கல்லூரி விடுதியில் இரண்டு பெண்கள். முடிவு சந்தோஷமாக இருக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தபாலில் போகிற புத்தகம், இந்த வாழ்க்கையைப் புகழ்கிற மாதிரி இருந்தால் தபால் அதிகாரிகள் பிடித்து வைத்துவிடுவார்கள் என்பது அவர் பயம். ஆக ஒரு பெண்ணுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, இன்னொருத்தி நான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று தெளிவு பெறுகிறாள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. கடைசிப் பக்கத்தை யாருக்காக எழுதினார்கள், மற்ற பக்கங்களை யாருக்காக எழுதினார்கள் என்று வாசகிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, சோக முடிவைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் குறைந்தது. அது வாழ்க்கையின் விதி இல்லை, தபால் விதி.

இப்போது ஜூனியருக்கு நான் சொன்ன முதல் புத்தகம். அதே 1952-ல் வந்த 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்'. எழுதியவர் க்ளேர் மார்கன் என்று அட்டையில் இருக்கும். உண்மையில் எழுதியவர் பட்ரீஷியா ஹைஸ்மித். ஹிட்ச்காக் படமாக எடுத்த 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' நாவலை எழுதிய அதே ஹைஸ்மித்தான். 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் பணத் தட்டுப்பாட்டில் நியூயார்க் ப்ளூமிங்டேல்ஸ் கடையின் பொம்மைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஃபர் கோட் போட்ட ஒரு பெண் பொம்மை வாங்க வந்தார். விலாசம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்று இரவே ஹைஸ்மித் வீட்டுக்குப் போய் மொத்தக் கதைச் சுருக்கத்தையும் எழுதிவிட்டார்.

கதையில் கடைப்பெண் தெரேஸ், வாங்க வந்தவள் கேரல். கேரலுக்குக் கணவன் உண்டு, விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது, ஒரு மகள் உண்டு. இரண்டு பேரும் காரில் மேற்கு நோக்கிப் போகிறார்கள், பின்னாலேயே கணவன் ஏற்பாடு செய்த துப்பறிவாளன் வருகிறான். ஹைஸ்மித் திகில் எழுத்தாளர் என்பது இங்கேதான் தெரியும். ஒரு முத்தம்கூட யாரோ ஒட்டுக் கேட்கிற அறையில் நடக்கிற மாதிரி நமக்குப் பதறும். கேரல் கொடுக்கிற விலை சின்னதில்லை, மகளையே இழக்க வேண்டிவருகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் தெரேஸ் ஒரு அறைக்குள் நுழைந்து கேரலைப் பார்த்து நடக்கிறாள் பாருங்கள்... யாரும் சாகவில்லை. யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. மலிவுப் பதிப்பு வந்ததும் பத்து லட்சத்தை நெருங்கி விற்றது, க்ளேர் மார்கனுக்குக் கடிதங்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல முடிவு கொடுத்த முதல் புத்தகம் இதுதான் என்று நன்றி சொல்லி எழுதியவர்கள் பலர். ஹைஸ்மித் தன் சொந்தப் பெயரை அதில் போட 1990 வரை ஆனது. அப்போது 'கேரல்' என்று பெயரும் மாறியது. 2015-ல் டாட் ஹேன்ஸ் படமாக எடுத்தார். படமும் பார்க்கலாம், ஆனால் புத்தகத்தை முதலில் படியுங்கள்.

ஃபாஸ்டர் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? 'எ பாசேஜ் டு இண்டியா' நமக்கெல்லாம் பாடத்தில் வந்த ஃபாஸ்டர். அவர் ராட்க்ளிஃப் ஹாலுக்காகச் சாட்சி சொல்ல வந்தபோது, அவருடைய மேஜை டிராயரில் 'மாரிஸ்' என்ற முழு நாவல் பதினாலு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 1913-ல் எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற எழுத்தாளரையும் அவருடன் வாழ்ந்த ஜார்ஜ் மெர்ரில் என்பவரையும் பார்க்கப் போயிருக்கிறார். மெர்ரில் விளையாட்டாக அவருடைய பின்பக்கத்தில் லேசாகத் தொட்டாராம். அந்தத் தொடுதல்தான் கதையாக முளைத்தது என்று ஃபாஸ்டரே எழுதியிருக்கிறார். (இலக்கிய வரலாற்றுத் தேர்வில் இதைக் கேட்டால் எல்லோரும் பாஸ்.)

மாரிஸ் பெரிய அறிவாளி இல்லை. பங்குத் தரகு வேலை பார்க்கிற சாதாரண நடுத்தர வர்க்கத்து ஆள். முதலில் கேம்பிரிட்ஜ் நண்பன் க்ளைவைக் காதலிக்கிறான், அவன் கைவிடுகிறான். பிறகு க்ளைவின் எஸ்டேட்டில் வேட்டைக்காடு காக்கிற அலெக். கடைசியில் மாரிஸும் அலெக்கும் சேர்ந்து போகிறார்கள். சந்தோஷமான முடிவு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எழுதியே இருக்க மாட்டேன் என்கிற அர்த்தத்தில் ஃபாஸ்டர் 1960-ல் ஒரு பின்குறிப்பு எழுதி வைத்தார். அந்த முடிவால்தான் புத்தகத்தை வெளியிட முடியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். இருவரும் சோகமாகச் செத்திருந்தால் பிரச்சினை குறைந்திருக்கும். இங்கிலாந்தில் சட்டம் 1967-ல் மாறியது. ஃபாஸ்டர் 1970-ல் இறந்தார். புத்தகம் 1971-ல் வந்தது. இங்கே நமக்கு 377-ஆம் பிரிவின் அந்தப் பகுதி போக 2018 செப்டம்பர் 6 வரை ஆனது என்பதையும் நினைத்துக்கொண்டு படித்தால், அந்த டிராயர் நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை என்று புரியும். நடை கொஞ்சம் மெதுவாகப் போகும், க்ளைவ் வருகிற பகுதியில் எனக்குத் தூக்கமே வந்தது. அலெக் வந்தபிறகு சரியாகிவிடும்.

கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இப்போது சொல்லப்போவதுதான் விருந்து. துப்பறியும் கதையில் சாவு முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும், அதனால் ஜூனியரின் கணக்கு இங்கே செல்லாது. ஜோசப் ஹான்சன் 1970-ல் 'ஃபேட்அவுட்' எழுதினார். நாயகன் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர், கலிஃபோர்னியாவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புலனாய்வாளர். ஒருவர் செத்துவிட்டார், பணம் கொடுங்கள் என்று யாராவது வந்தால், நிஜமாகவே செத்தாரா, எப்படிச் செத்தார் என்று பார்ப்பது இவர் வேலை. முதல் கதையில் ஒரு பாடகரின் கார் ஆற்றில் கிடக்கிறது, உடலைக் காணோம். வழக்கமான கரடுமுரடான துப்பறிவாளர்தான், சுருக்கமாகப் பேசுவார், ஆளை அளந்து பார்ப்பார். ஒரே விஷயம், இவர் கே. அதை மர்மமாக ஒளித்து வைத்துக் கடைசியில் திறந்து காட்டுகிற வேலை எல்லாம் கிடையாது. எங்கள் எஸ்.ஐ. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி என்பது மாதிரி அதுவும் ஒரு தகவல்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. கதை தொடங்கும்போது டேவ் துக்கத்தில் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த ராட் புற்றுநோயில் இறந்து சில வாரங்கள்தான் ஆகிறது. வீட்டில் ராட் வாங்கிப் போட்ட சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். யாருடைய தண்டனையும் இல்லாமல், எல்லோர் வீட்டிலும் நடக்கிற மாதிரி வந்த சாவு. மனைவியை இழந்த ஒருவர் எப்படி இருப்பாரோ அப்படி இருக்கிறார், வேலைக்கும் போகிறார். 1970-ல் இதை எழுதியிருக்கிறார் ஒரு மனிதர்! மொத்தம் 12 நாவல்கள், 1991 வரை. டேவுக்கு வயதாகிக்கொண்டே போகும், புதிய துணை வருவார், எண்பதுகளில் எய்ட்ஸ் வரும். வரிசையாகப் படித்தால் ஒரு ஆளோடு இருபது வருஷம் பழகிய மாதிரி இருக்கும். பெண் துப்பறிவாளர் வேண்டுமென்றால் கேத்தரின் ஃபாரஸ்ட்டின் 'அமெச்சூர் சிட்டி', 1984. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் கேட் டெலஃபீல்ட். அவளும் துணையை விபத்தில் இழந்தவள், ஆனால் டேவ் மாதிரி வெளியே காட்டிக்கொள்ள அவள் வேலை இடம் தராது.

சரித்திரக் கதை என்றால் சாரா வாட்டர்ஸ். இவர் தன்பாலீர்ப்பு வரலாற்று நாவல்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவிட்டு, பிறகு தானே எழுத உட்கார்ந்தவர். (நம்ம ஆராய்ச்சி மாணவர்கள் கவனிக்க.) முதல் நாவல் 'டிப்பிங் தி வெல்வெட்', 1998. கடலோரத்தில் சிப்பி உணவுக் கடையில் வேலை பார்க்கும் பெண், மேடையில் ஆண் வேஷம் போட்டுப் பாடுகிறவளின் பின்னால் லண்டன் போகிற கதை. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருந்தால் 'ஃபிங்கர்ஸ்மித்' படியுங்கள். 2002-ல் புக்கர் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. 1860-களின் லண்டன். திருடர்கள் வளர்த்த சூ என்ற பெண்ணை, ஒரு மோசடிக்காரன் பணக்காரப் பெண் மாட் வீட்டுக்கு வேலைக்காரியாக அனுப்புகிறான். மாடை அவன் கல்யாணம் செய்துகொள்ள சூ உதவ வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மாடைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிட்டுச் சொத்தைச் சுருட்டலாம் என்பது திட்டம். சூவுக்கு மாட் மேல் காதல் வந்துவிடுகிறது. முதல் பாகத்தின் கடைசியில்... இல்லை, வாயை மூடிக்கொள்கிறேன். இதுதான் நடக்கப்போகிறது என்று யாராவது ஊகித்துவிட்டால் கேன்டீனில் பிரியாணி என் செலவு. பார்க் சான்-வூக் 2016-ல் இதைக் கொரியாவுக்கு மாற்றி 'தி ஹேண்ட்மெய்டன்' எடுத்தார். அதைப் பார்த்தவர்களும் தைரியமாகப் புத்தகம் படிக்கலாம், பின்பாதி வேறு மாதிரி போகும்.

மேரி ரெனால்ட்டை இங்கே சேர்க்காமல் விட்டால் பாவம். தாதியாக வேலை பார்த்தவர், 1948-ல் தன் துணைவியோடு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கேயே வாழ்ந்தவர். 'தி சாரியட்டியர்' 1953-ல் இங்கிலாந்தில் வந்தது. டன்கர்க்கில் அடிபட்ட சிப்பாய் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு இரண்டு ஆண்களுக்கு நடுவில் தவிக்கிறான். அமெரிக்காவில் அச்சேற 1959 ஆனது. பிறகு அவர் பண்டைய கிரேக்கத்துக்குப் போய்விட்டார். 'தி பெர்ஷியன் பாய்', 1972, அலெக்சாண்டரின் கதையைப் பகோவாஸ் என்ற இளைஞன் சொல்கிற நாவல். இதில் முடிவில் சாவு உண்டு. அலெக்சாண்டர் 32 வயதில் செத்துப்போனது ரெனால்ட்டின் தப்பு இல்லை.

பேய்க்கதைப் பிரியர்களுக்கு லெ ஃபனூவின் 'கார்மிலா', 1872. டிராகுலாவுக்கு 25 வருஷம் மூத்தவள். தனிமையான மாளிகையில் ஒரு பெண், அவளைத் தேடி வருகிற அழகான ரத்தக்காட்டேரிப் பெண். ஒரே ராத்திரியில் படித்துவிடலாம். முடிவு நீங்கள் நினைக்கிறதுதான், ஆப்பு. ஆனால் கார்மிலா போனபிறகும் அந்தப் பெண் அவள் காலடிச் சத்தத்தைக் கேட்கிற மாதிரியே இருக்கிறாள். கொன்ற ஆண்களைவிடச் செத்தவள் மேல்தான் நமக்குப் பிரியம் வரும்.

விஞ்ஞானக் கதையில் எனக்குப் பொறுமை கம்மி, அதனால் சுருக்கமாக. உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', 1969. ஆண் பெண் என்று நிரந்தரமாக யாரும் இல்லாத குளிர்க் கிரகம். பனியில் இரண்டு பேர் வண்டி இழுத்துக்கொண்டு போகிற பகுதியை மறக்கவே முடியாது. (இதை ஜூனியரிடம் கொடுக்கவில்லை. ஏன் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.) நிக்கோலா கிரிஃபித்தின் 'அம்மோனைட்' பெண்கள் மட்டுமே பிழைத்திருக்கிற கிரகத்தின் கதை. அங்கே யாரும் பெண் என்பதால் தேவதையும் இல்லை, சண்டைக்காரியும் உண்டு, சோம்பேறியும் உண்டு. அமல் எல்-மொஹ்தரும் மாக்ஸ் கிளாட்ஸ்டனும் சேர்ந்து எழுதிய 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்', 2019, சின்னப் புத்தகம். காலத்தில் முன்னும் பின்னும் போய்ச் சண்டை போடும் இரண்டு எதிரிப் பெண்கள், ஒருத்திக்கொருத்தி கடிதம் எழுதிக் காதலில் விழுகிறார்கள். சிலருக்கு நடை திகட்டும். எனக்கும் நடுவில் திகட்டியது, கடைசி முப்பது பக்கம் எல்லாவற்றையும் மன்னிக்க வைத்தது.

தொடர்கதை என்றதும் விகடன், குமுதம் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஆர்மிஸ்டெட் மாபினின் 'டேல்ஸ் ஆஃப் தி சிட்டி'. சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழில் 1976-ல் தொடராக ஆரம்பித்தது. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் பலவிதமான ஆட்கள், அவர்களை அரவணைக்கும் வீட்டுக்கார அம்மா மிஸஸ் மாட்ரிகல். அத்தியாயங்கள் எல்லாம் குட்டிக் குட்டி, ஒவ்வொன்றும் 'தொடரும்' போடுகிற இடத்தில் நிற்கும். அதில் மைக்கேல் என்ற பையன் தான் கே என்று தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அந்தத் தொடரை மாபினின் பெற்றோரும் படித்துவந்தார்கள். அந்தக் கடிதம் அவர்களுக்கும் சேர்த்து எழுதியதுதான் என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நான் ஒரு பேப்பரை எடுத்து "அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. பேப்பர் இன்னும் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.

பள்ளி வயதுக் கதை வேண்டுமென்றால் நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்', 1982. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் சந்திக்கும் லைசா, ஆனி என்ற இரண்டு பெண்கள். கார்டன் இளவயதில் படித்தது அதே 'வெல் ஆஃப் லோன்லினஸ்'. நம்மவர்களைப் பற்றி நல்லபடியாக முடிகிற ஒரு கதை எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாராம். எழுதவும் செய்தார். 1993-ல் கேன்சஸ் சிட்டியில் அதைத் தெருவில் வைத்து எரித்தார்கள். பக்கத்து ஓலேத்தா ஊரில் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்தார்கள். மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டு 1995-ல் ஜெயித்தார்கள், புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. கதையாகப் பார்த்தால் ரொம்ப எளிமையானது, இலக்கிய ஜாம்பவான்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கண்டுகொள்ள வேண்டாம்.

எல்லாம் வெள்ளைக்காரர் கதையாகவே இருக்கிறதே என்று கேட்பீர்கள். நம்ம பக்கம் ஒன்றும் பின்தங்கவில்லை. உருதுவில் இஸ்மத் சுக்தாய் 1942-லேயே 'லிஹாஃப்' எழுதிவிட்டார். கண்டுகொள்ளாத கணவன், தனித்துப்போன பேகம், கைகால் பிடித்துவிடும் வேலைக்காரி, சுவரில் யானை மாதிரி அசையும் ரஜாய் நிழல், இதையெல்லாம் பார்த்துப் பயப்படும் ஒரு சின்னப் பெண். லாகூரில் ஆபாச வழக்குப் போட்டார்கள். எந்த வார்த்தை ஆபாசம் என்று காட்டுங்கள் என்றால் யாராலும் காட்ட முடியவில்லை, தள்ளுபடி. அந்தச் சின்னப் பெண்ணையும் பேகம் விட்டுவைப்பதில்லை, அந்த இடம் உறுத்தத்தான் செய்யும். மராத்தியில் சச்சின் குண்டல்கரின் 'கோபால்ட் ப்ளூ' 2006-ல் வந்தது. புனேயில் ஒரு வீட்டுக்குக் குடிவரும் இளைஞனை அண்ணனும் தங்கையும் இருவருமே காதலிக்கிறார்கள். அவன் காணாமல் போனபிறகு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஜெர்ரி பிண்ட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது. கன்னடத்தில் வசுதேந்திராவின் 'மோகனசுவாமி', 2013, சிறுகதைகள். பெங்களூரில் வேலை பார்க்கிற, நம்ம சீனியர் அண்ணன் மாதிரி ஒருவரின் கதை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமான புத்தகம் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்', 1994. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, ஆனால் அந்த வீடு நம்ம வீடு. கொழும்புத் தமிழ்க் குடும்பம், அப்பாச்சி, அம்மாச்சி, ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டில் பேரப்பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது. பையன்கள் வெளியே கிரிக்கெட் ஆடுவார்கள். ஆர்ஜி மட்டும் பெண்பிள்ளைகளோடு கல்யாணப் பெண் விளையாட்டு, அதில் அவன்தான் கல்யாணப் பெண். சேலை கட்டிய கோலத்தில் பெரியவர்கள் முன்னால் அவனை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிற காட்சியைப் படிக்கும்போது, அந்தக் கூடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் என்னை யாரும் அப்படி இழுத்து நிறுத்தவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுபோன ஒரு கூடத்தை எனக்குத் தெரியும்.

ஆறு கதைகள், ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்து ஒரு நாவலாகிறது. ஆர்ஜிக்குப் பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களப் பையன் மேல் காதல். வெளியே 1983 ஜூலை வந்துகொண்டிருக்கிறது. இந்தப் புத்தகத்தில் சாவு இருக்கிறது, மறைக்கவில்லை. வீடும் எரிகிறது. ஆனால் ஆர்ஜி யாரைக் காதலித்தான் என்பதற்காக இங்கே யாரும் சாகவில்லை. தமிழர்கள் என்பதற்காகச் சாகிறார்கள். ஜூனியர் இதைத்தான் இரண்டாவதாக வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுக்கும்போது, "நீங்க சொன்னது சரிக்கா, இது வேற சாவு" என்றாள். 2020-ல் தீபா மேத்தா படமாக எடுத்தார். அதில் பேசப்பட்ட தமிழைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. சண்டை போட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் கட்சி.

தமிழில் இந்த மாதிரி, துப்பறியும் கதையோ பேய்க்கதையோ, ஒரு கே துப்பறிவாளர் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிற நாவல் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். வாங்கிப் படித்துவிட்டு உங்களுக்கும் கொடுக்கிறேன்.

எதில் ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 'ஆனி'யில் ஆரம்பியுங்கள், சின்னது, ஆங்கிலமும் சுலபம். அழுது தீர்க்க வேண்டும் என்றிருப்பவர்கள் பால்ட்வினிடம் போகலாம், அவரைவிட அழகாக யாரும் அழ வைக்க முடியாது. 'ஃபிங்கர்ஸ்மித்'தை மட்டும் இன்டர்னல் தேர்வு வாரத்தில் கையில் எடுக்காதீர்கள். ஐந்நூறு பக்கத்துக்கு மேல், முதல் பாகம் முடிகிற இடத்தில் கீழே வைக்க முடியாது. என்னுடைய பிரதி இப்போது பி பிளாக்கில் யாரிடமோ இருக்கிறது. எடுத்தவர்கள் படித்து முடித்ததும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுங்கள், அட்டை கிழிந்தாலும் பரவாயில்லை.